தலையில் இரண்டு தட்டு

1

போன வாரம் நான் வேலை செய்யும் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் இங்கே சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. வியட்நாமின் வடக்கே ஹைஃபோங் என்கிற துறைமுக ஊர். கேக்கின் மேல் பல வண்ண க்ரீமில் ஒரு கொடி வரைந்திருந்தார்கள். தென்னாப்பிரிக்கக் கொடி. அதன் கீழே, ‘டர்பன் தந்த எங்கள் மிஸ்டர் கார்லுக்கு நன்றி’ என்று எழுதியிருந்தது.

நான் டர்பனைப் பார்த்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் கால் வைத்ததே இல்லை. என் பெயர் கருணாகரன். வட சென்னையில் விம்கோ நகர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வளர்ந்தவன். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். கொடி இருந்த துண்டைத்தான் எனக்கு வெட்டிக் கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. “நம்ம பசங்களுக்கு உதவுற மாதிரி எழுதுங்க. வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சர் வேலை எப்படிக் கிடைக்கும், என்னென்ன பேப்பர் வேணும், அந்த மாதிரி” என்றார். மூன்று மாதமாக இழுத்தடித்தேன். இந்த இதழ் திருவொற்றியூரில் எங்கள் தெரு முனைப் படிப்பகத்துக்கு மாதாமாதம் வரும். அப்பா தினமும் காலையில் அங்கே போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படிப்பார். நான் இழுத்தடித்ததற்கு அதுதான் காரணம். இப்போது எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

2

முதலில் பேப்பர்கள். கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டச் சான்றிதழ் வேண்டும். அது உண்மையானதுதான் என்று மாநில அரசு முத்திரை குத்த வேண்டும். அந்த முத்திரை உண்மையானதுதான் என்று டெல்லி குத்த வேண்டும். டெல்லி குத்தியது சரிதான் என்று வியட்நாம் தூதரகம் குத்த வேண்டும். என் பட்டத்தில் கடைசியில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஆசிரியப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, போலீஸ் நன்னடத்தைச் சான்று.

போலீஸ் சான்றுக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையா வீட்டுக்கு விசாரிக்க வந்தார். அப்பா ஓடிப்போய் டீயும் பன்னும் வாங்கி வந்தார். ஏட்டையா கேட்டது மூன்று கேள்வி. அப்பா பதில் சொன்னது அரை மணி நேரம். “எம் புள்ள ஒரு பொய் சொன்னதில்ல சார். வேணும்னா தெருவுல யாரையாச்சும் கேட்டுக்குங்க” என்று சொல்லி, அவரே தெருவில் போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நன்னடத்தைச் சான்று கிடைத்தது. அந்தச் சான்று இன்றைக்கும் என் கோப்பில் இருக்கிறது.

பேப்பர் எல்லாம் சரியாக இருந்தும் வேலை கிடைக்கவில்லை. விளம்பரங்களில் ‘ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் மட்டும்’ என்று போட்டிருப்பார்கள். போடாத இடத்திலும் வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சு மரியாதையாகச் சுருங்கிவிடும். பிறகு ‘தாய்மொழிச் சாயல் அதிகம்’ என்று ஒரு வரி பதில் வரும். பதினோரு இடத்தில் இப்படி ஆயிற்று. நான் ஆங்கிலம் பழகாமல் வந்தவன் இல்லை. மவுண்ட் ரோடு பக்கம் கல்லூரியில் படித்தபோது, நான் ‘இன்னா’ என்று வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். “டேய், ‘கீது’ சொல்லு, ‘கீது’ சொல்லு” என்பார்கள். அப்போதே என் தமிழை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பிறகு கால் சென்டரில் வேலை. கும்மிடிப்பூண்டி ரயிலில் போகும்போது பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிடும். அந்தப் பத்து நிமிடமும் ஜன்னல் பக்கம் திரும்பி வாய்க்குள்ளேயே அமெரிக்க ஆங்கிலம் பழகுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் வேண்டுதல் முணுமுணுக்கிறேன் என்று நினைத்து இடம் விட்டு உட்காருவார்கள்.

பதினோராவது நிராகரிப்புக்குப் பிறகு ஓர் ஏஜென்ட் சொன்னார். “டர்பன்ல வளர்ந்தேன்னு சொல்லுங்க. அங்க உங்க நிறத்துல லட்சம் பேர் இருக்காங்க. வீட்டுலயே இங்கிலீஷ்தான். பாஸ்போர்ட் ஏன் இந்தியான்னு கேட்டா, அப்பா மாத்தலன்னு சொல்லிடுங்க. காலேஜுக்குத்தான் சென்னை வந்தேன்னு சொல்லுங்க. யார் போய்ப் பார்க்கப் போறாங்க?”

யாரும் போய்ப் பார்க்கவில்லை. வேலை கிடைத்தது. கழுத்தில் மாட்டும் அட்டையில் ஒவ்வொரு வெளிநாட்டு ஆசிரியருக்கும் அவரவர் நாட்டுக் கொடியை ஒட்டிக் கொடுப்பார்கள். என் கொடியை முதல் நாள் வீட்டில் காட்டியபோது என் மனைவி ஜெயந்தி கேட்டாள். “இது எந்தக் கட்சிக் கொடி?”

3

அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் முப்பத்தோரு வருடம் சிக்னல்மேனாக இருந்தார். கிரேன் ஓட்டுபவருக்கு லோடு எங்கே இருக்கிறது, அடியில் ஆள் நிற்கிறாரா என்று மேலிருந்து தெரியாது. தெரிந்தாலும் அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. கீழே நிற்கும் ஆள் கையால் சொல்ல வேண்டும். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் நிறுத்து. ஒரு கை சிக்னல் கொடுக்கும்போது அதன் மேல் இன்னொரு கையை அசையாமல் பிடித்தால் மெதுவாகச் செய். இவையெல்லாம் உலகம் முழுக்க ஒன்றுதான்.

ஆனால் எங்கள் மார்க்கெட்டுக்கென்று ஒன்று உண்டு. இரும்புப் பிளேட்டோ, காயில் என்கிற தகட்டுச் சுருளோ டிரெய்லரில் இறங்கி, ஆடாமல், சரியாக உட்கார்ந்துவிட்டால், சிக்னல்மேன் தன் தலையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். லோடு உட்கார்ந்துவிட்டது, தூக்கிய பெல்ட்டைக் கழற்றலாம் என்று அர்த்தம். அந்த இரண்டு தட்டை நம்பித்தான் லோடர்கள் அடியில் கை விடுவார்கள்.

இரைச்சலில் அப்பாவின் காது மந்தமாகிவிட்டது, கத்தினால்தான் கேட்கும். அதனால் வீட்டிலும் எல்லாம் சிக்னல்தான். அம்மா குழம்பு ஊற்றும்போது ஒரு கை மேல் இன்னொரு கையை வைப்பார். போதுமென்றால் தலையில் இரண்டு தட்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பில் பாஸான செய்தியை அம்மா காதருகே கத்திச் சொன்னபோதும் இரண்டு தட்டு.

ஒருமுறை டில்லி மாமா என்கிற அப்பாவின் கூட்டாளி சிக்னல்மேன், டீக்கு நேரமாகிறதென்ற அவசரத்தில் லோடு உட்காரும் முன்பே தலையில் தட்டிவிட்டார். பெல்ட் தளர்ந்து ஒரு பிளேட் சரிந்தது. லோடர் ஒருத்தர் கையை இழுத்துக்கொண்டதால் விரல் தப்பியது. அப்பா டில்லி மாமாவை அடிக்கவில்லை, திட்டவில்லை. “டில்லி, உன் கைய இனிமே நான் நம்ப மாட்டேன்” என்றார். அவ்வளவுதான். இருவரும் தினமும் ஒன்றாக டீ குடித்தவர்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் டில்லி மாமா வேறு கடையில் குடித்தார்.

இங்கே சேர்ந்த புதிதில் என் வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. இருபது பிள்ளைகள், ஆறு வயது, ஏழு வயது. ஒரு நாள் தொண்டை கட்டிப்போய்ப் பேச முடியவில்லை. என்னை அறியாமல் விரலை மேலே நீட்டிச் சுற்றினேன். முன் வரிசை எழுந்து நின்றது. கீழே சுற்றினேன், உட்கார்ந்தார்கள். கையைக் கவிழ்த்து வீசினேன், சத்தம் நின்றது. பாடம் முடிந்ததும் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். இருபது பிள்ளைகளும் தங்கள் தலையில் திருப்பித் தட்டினார்கள்.

அதுதான் என்னை இங்கே பெரிய ஆளாக்கியது. மையத்தின் மேலாளர் திருமதி ஹோவா என்னை மற்ற ஆசிரியர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். “எங்கே கற்றீர்கள், கார்ல்?” என்று கேட்டார்.

“டர்பன் துறைமுகத்தில் சின்ன வயதில் பார்த்தது” என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்தது. அடுத்த மாதமே மையத்தின் வாசல் பேனரில் என் படம், தலையில் கை வைத்தபடி. கீழே ‘டர்பன் முறை’ என்று போட்டிருந்தார்கள். அந்தப் பேனரை மட்டும் நான் அப்பாவுக்கு அனுப்பவில்லை.

4

என் மகள் மதிக்கு இப்போது ஒன்பது வயது. தமிழ் அரைகுறையாகப் புரியும், பேச வராது. ஆங்கிலத்தில் தொடங்கி வியட்நாமியில் முடிப்பாள். பள்ளியில் ‘என் அப்பாவின் ஊர்’ என்று ஒரு படம் வரைந்து வரச் சொன்னார்கள். நீலக் கடல், மஞ்சள் மணல், குடைகள். எண்ணூர் பக்கத்துக் கடலை இவ்வளவு சுத்தமாக யாரும் வரைந்ததில்லையே என்று நினைத்தபடி மேலே பார்த்தேன். டர்பன் என்று எழுதியிருந்தது.

“அம்மா ஊர் எது, மதி?” என்று கேட்டேன்.

“சென்னை.”

“அப்பா ஊர்?”

“டர்பன்” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அதுதான் நிஜம்; தாத்தா பாட்டி பிறகு சென்னைக்குக் குடிபோனவர்கள் என்று நினைத்திருந்தாள். அவளுடைய தோழிகளின் அம்மாக்கள்தானே என் மாணவர்களின் அம்மாக்கள். அவர்கள் முன்னால் நான் சொல்லிச் சொல்லி அவள் வளர்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் திருத்திக்கொள்ளலாம், பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன்.

ஜெயந்தி அந்தப் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்ட மறுத்துவிட்டாள்.

5

இரண்டு மாதம் முன்பு கௌசல்யா வந்தாள்.

மையத்தில் ஓர் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. ஆறு விண்ணப்பங்கள். நான் இப்போது மூத்த ஆசிரியர் என்பதால் தேர்வுக் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். அவளுடைய விண்ணப்பத்தில் முகவரி: வியாசர்பாடி, சென்னை. ஆங்கில முதுகலை, ஆசிரியப் பயிற்சி, இருபத்தாறு வயது. சுற்றுலா விசாவில் வந்து நான்கு ஊரில் வேலை கேட்டிருக்கிறாள். விசாவில் இன்னும் பத்து நாள்தான் மீதி. இங்கே கிடைத்தால் மையம் வேலை அனுமதிக்குக் கடிதம் தரும், கிடைக்காவிட்டால் வீடு திரும்ப வேண்டியதுதான். இதெல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது. எந்த இடத்திலும் அவள் தன்னை வேறு ஊர்க்காரி என்று சொல்லவில்லை.

மாதிரி வகுப்பு எடுப்பதற்கு முந்தின நாள், விண்ணப்பித்தவர்கள் ஒரு வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். அவளுக்கு என் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். வகுப்பு முழுக்க நான் அவள் பக்கம் திரும்பவில்லை. முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடியதும் கிட்டே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணா, நீங்க சாத்தாங்காடா?”

இந்த ஊரில் ஏழு வருடத்தில் என் வீட்டுக்கு வெளியே நான் கேட்ட முதல் தமிழ். எனக்குள்ளே ஏதோ எழுந்து நின்றது. நான் அதை உட்கார வைத்தேன்.

“மன்னிக்கவும், எனக்குத் தமிழ் தெரியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். “சும்மா இருங்கண்ணா! வெரல சுத்துறது, கைய வீசுறது, அதெல்லாம் எந்த ஊரு ஹார்பர்லயும் கீது. தலையில ரெண்டு தட்டு தட்டுனீங்களே, அது நம்ம இரும்பு மார்க்கெட்ட வுட்டா வேற எங்க கீது? எங்கப்பா அங்க இருவது வருசமா ஹைட்ரா கிரேன் ஓட்டிகினு கீறாரு. வூட்ல ரசம் போதும்னாகூட தலையில தட்டுவாரு. நான் பின்னாடி குந்திகினு அய்தே வுட்டேன்ணா.”

அவள் கண் உண்மையிலேயே ஈரமாக இருந்தது. வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. வெளியே இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நான் டர்பனில் வளர்ந்தவன்” என்றேன். “அது அங்கே துறைமுகத்தில் உள்ள வழக்கம்.”

அவள் என் கழுத்து அட்டையில் இருந்த கொடியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போக ஒரு நிமிடம் ஆயிற்று. “ஓ. சாரி சார்” என்றாள், ஆங்கிலத்தில். நான் தலையை ஆட்டினேன், பரவாயில்லை என்று மன்னிப்பவனைப் போல. இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

6

மறுநாள் மாதிரி வகுப்பு. இருபது நிமிடம். பின்னால் நாற்காலிகளில் திருமதி ஹோவா, நான், பெற்றோர் தரப்பில் மூன்று அம்மாக்கள். கௌசல்யா மீன்களைப் பற்றிப் பாடம் எடுத்தாள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடமா என்கிற கணவாய், நண்டு எல்லாவற்றையும் அவளே ஸ்கெட்ச் பேனாவில் அட்டைகளில் வரைந்து வைத்திருந்தாள். ஒரு பையன் நண்டு மாதிரி நடக்க ஆரம்பித்தான். இன்னொருவன் நாற்காலி மேல் ஏறினான். ஐந்தாவது நிமிடத்தில் வகுப்பு கையை விட்டுப் போனது.

அவள் குரலை உயர்த்தவில்லை. கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினாள்.

சத்தம் நின்றது. விரலை மேலே சுற்றினாள், எல்லோரும் எழுந்தார்கள். ஒரு கை மேல் இன்னொரு கையை வைத்து, மெதுவாக, மெதுவாக உட்கார வைத்தாள். மெதுவுக்கு நான் செய்வதைவிட அவள் கை நன்றாக இருந்தது. என் கை வீட்டில் பார்த்துக் கற்றது. அவளுடையது மார்க்கெட்டுக்கே போய்ப் பார்த்துக் கற்றது. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப்போய் அந்த இரும்புக்கு நடுவில் நின்றவள் போல. கடைசியில் தலையில் இரண்டு தட்டு. பிள்ளைகள் சிரித்துத் திருப்பித் தட்டினார்கள். அம்மாக்கள் கை தட்டினார்கள். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போது ஓர் அம்மா வியட்நாமியில் ஏதோ கேட்டார். திருமதி ஹோவா என் பக்கம் திரும்பினார். “இது உங்கள் டர்பன் முறை அல்லவா, கார்ல்? இந்தியாவிலிருந்து வந்தவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கிறார்.”

கௌசல்யா பத்தடி தூரத்தில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. அவள் கை நின்றது.

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். ‘எல்லாத் துறைமுகத்திலும் உண்டு’ என்று சொல்லியிருக்கலாம். பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே அவளையும் காப்பாற்ற வழி இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் தோன்றியது. இந்தப் பெண் இங்கே வேலைக்குச் சேர்ந்தால் தினமும் என் பக்கத்து வகுப்பில் இருப்பாள்.

“நேற்று என் வகுப்பைப் பார்த்தார்” என்றேன். “அப்படியே நகல் எடுத்துக்கொண்டார்.”

தாளில் ‘சொந்த முறை’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் ‘தாய்மொழிச் சாயல் அதிகம்’ என்றும் எழுதினேன். பதினோரு இடத்தில் எனக்கு எழுதப்பட்ட அதே வாக்கியம்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘இவர் பொய் சொல்கிறார், இது எங்கள் ஊர் சிக்னல்’ என்று சொல்ல அவளுக்கு ஆங்கிலம் இருந்தது, என்னைவிட நல்ல ஆங்கிலம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த என் கைகளைப் பார்த்தாள். பிறகு “வாய்ப்புக்கு நன்றி” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, அட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

வேலை வேறொருவருக்குக் கிடைத்தது.

7

ஜெயந்தியிடம் இரண்டு நாள் கழித்துச் சொன்னேன், பாதியை. நம்ம ஏரியா பெண் ஒருத்தி வந்தாள், கிடைக்கவில்லை என்று. மீதியை அவள் என் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“நீ இன்னா சொன்ன?”

சொன்னேன்.

“நம்ம ஊரு பொண்ணு, தனியா வந்துகீது. வூட்டுக்கு இட்டாந்து ஒரு வாய் சோறு போடத் தோணல உனுக்கு. நகல் எடுத்துச்சுன்னு சொல்ட்டு வந்துகிற.” அவள் கத்தவில்லை. “யார்கிட்டருந்து யாரு நகல் எடுத்தது?”

அன்றைக்கே விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. தமிழில் ஒரு செய்தி அனுப்பினேன். ‘கௌசல்யா, நான் கருணாகரன், விம்கோ நகர். மன்னிச்சிடும்மா’ என்று. படித்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. திருமதி ஹோவாவின் அறை வரைக்கும் இரண்டு முறை போனேன். முதல் முறை உள்ளே யாரோ இருந்தார்கள். இரண்டாம் முறை யாரும் இல்லை. அந்த மாதம் என் வேலை அனுமதி புதுப்பிக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

விசா முடிந்து அவள் ஊருக்குப் போயிருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். போய்விட்டால் முடிந்தது என்று ஒரு நிம்மதிகூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

8

மூன்று ஞாயிறுக்கு முன்னால் அப்பா வீடியோவில் வந்தார். எப்போதும் அம்மாதான் முதலில் வருவார். அன்றைக்கு அப்பாவே போனைப் பிடித்திருந்ததால் பாதித் திரையில் கட்டைவிரல்தான் தெரிந்தது.

“நைனா, துன்னியா? இங்க ஒரு பொண்ணு வூட்டாண்ட வந்துச்சு. வியாசர்பாடி. பேரு கௌசல்யாவாம்.”

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. மகன் வெளிநாட்டில் டீச்சராக இருக்கும் சிக்னல்மேன் யார் என்று இரும்பு மார்க்கெட்டில் எந்த டீக்கடையில் கேட்டாலும் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அப்பா அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

“இன்னாப்பா சொல்லிச்சு?” என்று கத்திக் கேட்டேன்.

“உன் கிளாஸ பாத்துச்சாமே. ‘அங்கிள், அங்க புள்ளைங்க எல்லாம் உங்க கை சொன்னா எய்ந்துக்குது, உங்க கை சொன்னா குந்துது’ன்னு சொல்லிச்சு. தலையில தட்டுறதுகூட கத்துக் குடுத்துகிறியாமே! நீ எங்கிட்ட சொல்லவே இல்லியேடா.” அவர் கண்ணைத் துடைத்தபோது போன் சாய்ந்து கூரை தெரிந்தது. “முப்பத்தோரு வருசம் அந்த வெயில்ல கைய ஆட்டுனேன். இன்னாத்துக்கு ஆட்டுனோம்னு நெனப்பேன். இன்னிக்குத்தான் நைனா தெரிஞ்சுது.”

போனை நிமிர்த்திக்கொண்டு அவரே தொடர்ந்தார். “நல்ல பொண்ணுடா. நீ ரொம்ப நல்லா பாத்துக்கினன்னு சொல்லிச்சு. வேல மட்டும் ஆவலியாமே? வேற யாரோ முன்னாடியே வந்துட்டாங்களாம். அடுத்த தபா ஒரு வார்த்த சொல்லு நைனா. நம்ம புள்ள.”

“சொல்றேம்பா” என்றேன்.

“பாப்பா எங்க? பாப்பாவ காட்டு. பாப்பா, தாத்தா சிக்னலு தெரியுமா உனுக்கு?”

மதி திரை முன்னால் வந்து நின்றாள். தூக்கு, இறக்கு, நிறுத்து, மெதுவாக. தலையில் இரண்டு தட்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை. அப்பா பல் தெரியச் சிரித்தார். அவளும் உற்சாகமாகி, போன் கிட்டே வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவருக்குக் காதும் சரியாகக் கேட்காது, ஆங்கிலமும் தெரியாது.

“இன்னா சொல்து பாப்பா?”

ஜெயந்தி கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தாகிட்ட கத்துக்கிட்டதுன்னு சொல்றாப்பா” என்று கத்திச் சொன்னேன்.

அப்பா தன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஜெயந்தி உள்ளே போய்விட்டாள்.

9

அப்பா, இந்த இதழ் உன் கைக்கு வரும்போது வழக்கம்போல வாய்விட்டுப் படிப்பாய். படிப்பகத்தில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். இங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, அதனால் இப்படி எழுதுவதும் பெரிய தைரியம் இல்லை. திருமதி ஹோவாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்லாமல் அங்கே சொல்ல முடியாது என்று பட்டது.

பாப்பா அன்றைக்குச் சொன்னது நான் உனக்குச் சொன்னதல்ல. “தாத்தா, இது டர்பன் சிக்னல், எங்கப்பா ஊர்ல செய்வாங்க” என்று சொன்னாள். நான்தான் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். கௌசல்யாவுக்கு வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் வேறு யாரோ முன்னால் வந்தது இல்லை. நான்தான். எல்லாம் தெரிந்தும் உன் எதிரில் உட்கார்ந்து, உன் பிள்ளை நல்லவன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏட்டையாவிடம் நீ சொன்னது தப்பு என்றும் தெரிந்துகொள். அந்தச் சான்றைக் கொண்டுதான் இங்கே வந்தேன்.

வருகிற ஞாயிறு நான் போன் செய்வேன். மதி பக்கத்தில் இருப்பாள். உன் ஊர் எது, உன் வேலை என்ன, அந்த இரண்டு தட்டுக்கு என்ன அர்த்தம் என்று நீயே அவளுக்குச் சொல். நான் அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன், இந்த முறை நீ சொன்னது சொன்னபடி. அதற்கு முன்னால், டில்லி மாமாவிடம் அன்றைக்கு நீ சொன்னதை எனக்கும் சொல்லிவிடு.